டிரான்ஸ்பர் கேஸ் ஆயில்: ஒரு நூற்றாண்டு

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டியில், கியர் பாக்ஸுக்குப் பின்னால் அடிப்பக்கமாகப் பொருத்தியிருக்கும் உலோகப் பெட்டிக்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. சேற்றிலும் மணலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்காகப் பெரும்பாலான கேஸ்களில் ‘லோ’ கியர் ஒன்றும் இருக்கும். உள்ளே ஊற்றும் எண்ணெய் மாடலைப் பொறுத்து ஒன்றரை லிட்டர் முதல் ஐந்து லிட்டர் வரை. எஞ்சின் ஆயிலைப் போல அதில் கரி சேர்வதில்லை. அளவு பார்க்கக் கம்பியும் கிடையாது. குறைந்துபோனால் டேஷ்போர்டில் விளக்கு எரிவதும் இல்லை. அதனால் வண்டியில் உள்ள எண்ணெய்களிலேயே அதிகம் மறக்கப்படுவது இதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கியர் இருந்த காலம், செயின் வந்த காலம், கிளட்ச் தட்டுகள் நுழைந்த காலம் ஆகிய ஒவ்வொன்றும் எண்ணெயையும் மாற்றியிருக்கிறது. எதை ஊற்றுவது, எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுவது என்ற விதிகளின் வரலாறும் அந்தப் பெட்டியின் வரலாறும் ஒன்றே.

நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் எண்ணம் பெட்ரோல் வண்டிக்கு முன்பே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் பிரமா ஜோசப் டிப்லாக் 1893இல் நீராவி இழுவை வண்டிக்காக அப்படி ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1903இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் பந்தயக் காரைக் கட்டியது. இவை தனித்தனி முயற்சிகளாகவே நின்றன. தொடர்ந்து தயாரித்து விற்கும் தொழிலாக இது மாறியது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். கிளின்டன்வில் என்ற சிற்றூரில் இயந்திரப் பட்டறை வைத்திருந்த ஆட்டோ சாக்கோவும் அவருடைய மைத்துனர் வில்லியம் பெஸர்டிக்கும், திரும்பும் முன்சக்கரத்துக்கு விசை கொண்டுசேர்க்கும் மூட்டு ஒன்றுக்கு 1908இல் காப்புரிமை பெற்றார்கள். சேற்றில் சிக்கிய காரை ரிவர்ஸில் ஓட்டி வெளியே எடுத்தபோது சாக்கோவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கண்டுபிடிப்புக் கதைகளை நம்பும் அளவுக்கு இதையும் நம்பலாம். அவர்களின் பட்டறையிலிருந்து ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி எழுந்தது. அதே மாநிலத்தில், கெனோஷா நகரின் தாமஸ் ஜெஃப்ரி கம்பெனி 1913இல் ‘குவாட்’ லாரியைக் கொண்டுவந்தது. 1916இல் ஜெனரல் பெர்ஷிங்கின் படை பாஞ்சோ வில்லாவைத் தேடி மெக்ஸிகோவுக்குள் நுழைந்தபோது இந்த இரண்டு வகை லாரிகளும் அதோடு போயின. முதல் உலகப் போரில் இவை ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவின் சேற்றுக்குள் இறங்கின.

அந்தக் காலத்தில் கியர் பெட்டிக்கென்று தனியாக எண்ணெய் இருந்தது என்று சொல்ல முடியாது. நீராவி எஞ்சின் சிலிண்டருக்காகச் செய்த கெட்டியான கனிம எண்ணெயே கார்களுக்கும் வந்தது. ஃபோர்டு மாடல் டியின் பின்னச்சில் ஊற்றப்பட்டதும் அதுதான். கிரீஸையும் எண்ணெயையும் கலந்து அடைப்பதும் வழக்கம். ரசாயனச் சேர்மானம் எதுவும் கிடையாது. தடிமன் ஒன்றை மட்டுமே நம்பி இரும்போடு இரும்பு உரசாமல் பார்த்துக்கொண்டார்கள். எண்ணெய் கசிவதைத் தடுக்கும் சீல்கள் தோலிலும் கம்பளித் துணியிலும் செய்யப்பட்டதால் எண்ணெய் கசிந்துகொண்டேதான் இருந்தது. ஆகவே மாற்றுவதைவிட, குறைந்ததை ஊற்றி நிரப்புவதே அன்றைய பராமரிப்பு. போர் முடிந்ததும் மிச்சமான லாரிகள் மாநில நெடுஞ்சாலைத் துறைகளுக்குப் போய்ச் சாலை போட்டன, பனி அகற்றின. அவற்றைப் பழுதுபார்த்த அரசுப் பட்டறைகளில்தான் டிரான்ஸ்பர் கேஸ் முதன்முதலாக ராணுவத்துக்கு வெளியே பழக்கமான பொருளாயிற்று.

1930களில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, இண்டியானாபொலிஸில் 1931இல் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி, சாதாரண ஃபோர்டு லாரிகளை வாங்கி நான்கு சக்கர வண்டிகளாக மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டாவது, அதுவரை வந்த பல வண்டிகளில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுத்துக்கொண்டிருந்ததற்கு மாறாக, 1934இல் ராணுவத்துக்காக டாட்ஜ் கட்டிய ஒன்றரை டன் லாரியில் முன்னச்சை ஓட்டுநர் வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது விலக்கிவிட முடிந்தது. இந்த ஏற்பாட்டில், முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவே தேவையில்லை. பெட்டி எளிமையாகவும் மலிவாகவும் அமையும். அதற்கு ஒரு விலையும் உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் உருளுவதில்லை. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால், ஷாஃப்டுகளும் கியர்களும் முறுக்கேறி இறுகும். முன்னச்சை விலக்கும் லீவரை இழுத்தாலும் வராது. டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெயில் உலோகத் தூள் அதிகமாகத் தென்பட இன்றும் பெரிய காரணம், தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டபடியே ஓட்டுவதுதான்.

ஜீப் வந்தபின்தான் இந்தப் பெட்டி உலகம் முழுக்கப் போனது. 1940 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த பான்டம் கம்பெனி முதல் மாதிரியை ராணுவத்திடம் ஒப்படைத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. அதன் டிரான்ஸ்பர் கேஸ் ஸ்பைசர் கம்பெனியின் ‘18’. வார்ப்பிரும்புக் கூடு, உள்ளே கியர்கள் மட்டும். கியர் பாக்ஸின் பின்முனையில் ஒரு கியர், நடுவில் ஊசி பேரிங்குகளில் சுழலும் இடைக் கியர், அதற்கும் அப்பால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் போகும் ஷாஃப்டின் கியர்கள் என்று விசை படிப்படியாக வலப்பக்கம் இறங்கும். முன் ஷாஃப்ட் எஞ்சினை ஒட்டி விலகிப் போகவேண்டும் என்பதால்தான் இந்த ஒதுக்கம். பின்சக்கரத்துக்குப் போகும் விசையும் அதே கியர்கள் வழியாகவே போனதால், ஃபோர் வீல் போட்டாலும் போடாவிட்டாலும் அவை எப்போதும் சுமையோடு சுழன்றன. ஜீப்பின் அந்தத் தொடர் முனகல் ஓசை அங்கிருந்து வந்தது. எண்ணெயைச் சுற்றிவிட பம்ப் எதுவும் இல்லை. கீழேயுள்ள கியர் எண்ணெயில் அமிழ்ந்து சுழன்று மேலே வாரி இறைக்கும். மேலே உள்ளவை அதில் நனையும். இப்படி இறைத்த எண்ணெய் கியரின் பல்லில் ஒட்டி நிற்கவேண்டும் என்பதால் விளக்கெண்ணெய் போன்ற தடிமனுள்ள 90ஆம் எண் கியர் ஆயில் தேவைப்பட்டது. கொள்ளளவு சுமார் ஒன்றரை லிட்டர்.

ராணுவம் எண்ணெய் மாற்றுவதை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் மசகு அட்டவணை ஒன்று அச்சாயிற்று. படத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் கோடு இழுத்து, தினமும் பார்ப்பது, வாரம் ஒருமுறை பார்ப்பது, 1,000 மைலுக்கு, 6,000 மைலுக்கு என்று குறித்திருந்தார்கள். உறைபனிக்குக் கீழே போகும் குளிரில் 90ஐ விட மெல்லிய ஆயிலுக்கு மாறவும் அதில் உத்தரவு இருந்தது. கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு அச்சுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே வகை ஆயில்தான். இது டிரான்ஸ்பர் கேஸின் தேவைக்காகச் செய்த தேர்வு அல்ல. அச்சுகளில் இருந்த ஹைபாய்டு கியர்களில் பற்கள் உருளுவதோடு பக்கவாட்டில் இழைந்தும் போவதால், அழுத்தம் தாங்கக் கந்தகம் போன்ற சேர்மானங்கள் கலந்த ஆயில் அவற்றுக்கு அவசியம். டிரான்ஸ்பர் கேஸின் நேர்க் கியர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் போர்முனைக்கு ஒரே பீப்பாய் போனால் தவறு நேராது. கிடங்குக் கணக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக ராணுவம் எடுத்த இந்த முடிவு, போருக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் விவசாயிகளின் கொட்டகைகளிலும் வழக்கமாக நிலைத்துவிட்டது.

ஜீப்பில் இன்னொரு தொல்லை இருந்தது. கியர் பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் ஒன்றோடொன்று பின்னிப் பொருந்தியவை. நடுவிலுள்ள பேரிங் வழியாக எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகரும். கியர் பாக்ஸில் எண்ணெய் வற்றும். டிரான்ஸ்பர் கேஸில் நிரம்பி வழிந்து, பின்னால் இருக்கும் ஹேண்ட் பிரேக் டிரம்மை நனைக்கும். போருக்குப் பிந்தைய பொதுமக்கள் ஜீப்பின் கையேடுகள் இந்த நகர்வை ஏற்றுக்கொண்டு, இரண்டையும் ஒரே தொகுதியாகக் கருதி, இரண்டு டிரெய்ன் பிளக்குகளையும் ஒன்றாகத் திறந்து வடிக்கச் சொல்லின. ஆற்றைக் கடந்த வண்டிக்குத் தனி விதி: மைல் கணக்கைப் பாராமல் எண்ணெயைச் சோதிக்கவேண்டும். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளேயுள்ள காற்று சுருங்கி, சீல் வழியாகவும் காற்றுத்துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். வடித்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை மட்டும் இன்றுவரை மாறவில்லை.

பிக்கப் வண்டி இந்தக் கதையில் சேர்வது 1946இல். போரில் ஓடிய முக்கால் டன் லாரியைப் பொதுமக்களுக்கு ஏற்றதாக மாற்றி டாட்ஜ் ‘பவர் வேகன்’ என்று விற்றது. அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து பெருமளவில் வந்த முதல் ஃபோர் வீல் பிக்கப் அதுவே. 1947இல் வில்லிஸ் பிக்கப் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நீண்ட காலம் தானாகச் செய்யவில்லை; மினியாபொலிஸின் நாப்கோ கம்பெனி, ஷெவர்லே வண்டியில் பொருத்தும் தனி ‘கிட்’ விற்றது. ஜிஎம்சி 1956இலும் ஷெவர்லே 1957இலும் அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கின. ஃபோர்டு 1959இல் சொந்தமாக இறங்கியது. வாங்கியவர்கள் விவசாயிகள், மரம் வெட்டுவோர், எண்ணெய் வயல்காரர்கள், மின்கம்பி இழுப்போர். பவர் வேகனின் எஞ்சின் விசையை வெளியே எடுத்து வின்ச்சும் இயந்திரங்களும் ஓட்டினார்கள். டிராக்டருக்குக் கிரீஸ் அடிக்கிற அதே ஆள், அதே நாளில், அதே கியர் ஆயிலைப் பிக்கப்பின் டிரான்ஸ்பர் கேஸிலும் ஊற்றினார். யாரும் அதைத் தனிக் கலையாக நினைக்கவில்லை. வார்ப்பிரும்பு, கியர், தடித்த எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு கவனக்குறைவையும் பெரிதாகப் பொறுத்துக்கொண்டது. அந்த வரிசையின் உச்சம் சிராக்யூஸ் நகரின் நியூ பிராசஸ் கியர் கம்பெனி செய்த ‘205’. உள்ளே கியர்கள் மட்டும். எண்ணெய் சுமார் இரண்டரை லிட்டர். பின்சக்கர ஓட்டத்தில் விசை கியரைத் தொடாமல் நேராகப் பின்னால் போகும். உறுதி என்றால் இன்றும் பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் பெயர் அதுதான்.

1973இல் திசை மாறியது. லீவரை இழுப்பது, இறங்கிப்போய் முன்சக்கரத்தின் ஹப்பைத் திருகிப் பூட்டுவது போன்ற வேலைகள் இல்லாமல், நகரவாசியும் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்று கம்பெனிகள் நினைத்தன. ஜீப்பின் ‘குவாட்ரா-டிராக்’, நியூ பிராசஸின் ‘203’ ஆகிய இரண்டும் எப்போதும் நான்கு சக்கரங்களையும் ஓட்டுபவை. நடுவில் டிஃபரன்ஷியல் உண்டு. முன் ஷாஃப்டுக்கு விசையைக் கொண்டுபோனது கியர் அல்ல, அகலமான எஃகுச் செயின். இந்தச் செயினைச் சாத்தியமாக்கியது நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரிலிருந்த மோர்ஸ் கம்பெனி. பல தகடுகளை அடுக்கிச் செய்த அதன் ‘ஹை-வோ’ செயின் 1966இன் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரில் ஏற்கெனவே தன்னை நிரூபித்திருந்தது. செயின் மலிவு, இலேசு, சத்தமும் குறைவு.

எண்ணெய் விஷயத்தில் பழைய பழக்கம் முதன்முதலாக இடறியது இங்கேதான். ‘203’க்கு கியர் ஆயில் வேண்டாம், 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள் என்று கையேடு சொன்னது. ஒரே கம்பெனியின் ஒரே ஆண்டுப் பிக்கப்பில், ‘205’ இருந்தால் கியர் ஆயில், ‘203’ இருந்தால் எஞ்சின் ஆயில். குவாட்ரா-டிராக்கின் கதை இன்னும் கடினம். அதன் டிஃபரன்ஷியலுக்குள் ஒரு பக்கம் மட்டும் வீணாகச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் கூம்பு வடிவக் கிளட்ச்கள் இருந்தன. அவை கொஞ்சம் பிடிக்கவும் வேண்டும், கொஞ்சம் வழுக்கவும் வேண்டும். அந்த அளவை நிர்ணயித்தது எண்ணெயில் கலந்த சேர்மானம்தான். கம்பெனி விற்ற தனி எண்ணெய்க்குப் பதில் வேறொன்றை ஊற்றினால் கிளட்ச்கள் பிடித்துப் பிடித்து விட்டு, மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் உறுமும். உருளும் பற்களைக் காப்பது மட்டுமே அதுவரை எண்ணெயின் வேலை. இனி உராய்வை அளந்து கொடுப்பதும் அதன் பொறுப்பாயிற்று. டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெயின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுவே. பிறகு வந்த நிறங்களும் பெயர்களும் பெரும்பாலும் இதன் தொடர்ச்சி.

அதே 1973இன் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. எப்போதும் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் வண்டிக்குப் பெட்ரோல் போட யாரும் விரும்பவில்லை. ‘203’ஐப் பழைய முறைக்கு மாற்றும் கிட்டுகள் சந்தைக்கு வந்தன. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. பிக்கப் போன்ற இலகு லாரிகளுக்கான அளவுகோல் 1979 மாடலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ‘203’ அந்த ஆண்டோடு நின்றது. அடுத்து வந்த நியூ பிராசஸ் ‘208’, போர்க்-வார்னர் ‘1345’ ஆகியவை முற்றிலும் வேறு வகை: அலுமினியக் கூடு, செயின், லோ கியருக்கு ஒரு மையக் கியரைச் சுற்றிச் சிறு கியர்கள் உருளும் அமைப்பு, மெயின் ஷாஃப்டில் ஏறி உட்கார்ந்த ஒரு சிறு ஆயில் பம்ப். ஊற்றவேண்டியது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் சிவப்பு எண்ணெய். காரணம் எளிது. தடித்த எண்ணெயைக் கலக்கிக்கொண்டே ஓடுவதில் விசை வீணாகும். குளிரில் இன்னும் வீணாகும். மேலும், பம்ப் மெல்லிய எண்ணெயை எளிதில் உறிஞ்சி, ஷாஃப்டுக்குள் துளைத்த வழிகளால் பேரிங்குகளுக்கும் சிறு கியர்களுக்கும் அனுப்பிவிடும். ஒட்டிக்கொண்டு நிற்கும் தடிமன் தேவையில்லை.

அந்தச் சிவப்பு எண்ணெய்க்கு ஒரு விசித்திரமான முன்கதை உண்டு. ஓல்ட்ஸ்மொபைல் 1940 மாடலில் வந்த ஹைட்ரா-மேட்டிக் கியர் பாக்ஸுக்காகத் தொடங்கி, 1949இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டைப் ஏ’ என்ற தர அளவை வெளியிட்டது. 1967இல் ‘டெக்ஸ்ரான்’ வந்தது. கிளட்ச் தட்டுகள் மிருதுவாகப் பிடிக்க இந்த எண்ணெய்களில் கலந்த முக்கியப் பொருள் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் எடுத்த எண்ணெய். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலப் பொருள்களைத் தடை செய்ததும், ஆயில் கம்பெனிகள் அவசரமாக மாற்றுச் சேர்மானம் தேடின. ஹொஹோபா என்ற பாலைவனச் செடியின் விதை எண்ணெய் பேர் பெற்றது அப்போதுதான். டிரான்ஸ்பர் கேஸுக்குள் 1980 வாக்கில் சிவப்பு எண்ணெய் நுழையும் நேரத்தில் திமிங்கலம் அதிலிருந்து போய்விட்டிருந்தது. சிவப்புச் சாயத்துக்கு மசகு வேலை எதுவும் கிடையாது. எஞ்சின் ஆயிலோடு மாறிப்போகாமல் இருக்கவும், தரையில் சொட்டும் எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுகொள்ளவுமே அது.

பட்டறைகள் இந்த மாற்றத்தை உடனே ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகள் 90ஆம் எண் ஆயில் ஊற்றிப் பழகிய கைக்கு, தண்ணீர் போல் ஓடும் சிவப்பு எண்ணெய் ஒரு பெட்டியின் சுமையைத் தாங்கும் என்று நம்பிக்கை வரவில்லை. “கெட்டியாக இருந்தால் நல்லதுதானே” என்று தடித்த ஆயிலை ஊற்றினால் குளிர்காலக் காலையில் பம்ப் உறிஞ்சத் திணறும், லீவர் நகராது. எதிர்ப்பக்கத் தவறும் நடந்தது: பழைய கியர் கேஸில் சிவப்பு எண்ணெயை ஊற்றினால் தேய்ந்த சீல்கள் வழியாக அது ஒழுகிவிடும். வார்ப்பிரும்பின் இடத்தில் அலுமினியம் வந்ததால் இன்னொரு பாடமும் கற்கவேண்டியிருந்தது. பிளக்கைப் பழைய பலத்தோடு இறுக்கினால் கூட்டின் மரை போய்விடும்.

1990களில் லீவர் போய் டேஷ்போர்டில் பொத்தான் வந்தது. 1990இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் கூட்டாகத் தொடங்கிய நியூ வென்ச்சர் கியர், சிராக்யூஸ் தொழிற்சாலையைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பின்சக்கரம் வழுக்கினால் கணினியே முன்னச்சைச் சேர்க்கும் ‘ஆட்டோட்ராக்’ கேஸுகள் அந்தப் பத்தாண்டின் முடிவில் ஷெவர்லே பிக்கப்களுக்கு வந்தன. உள்ளே பல தட்டுக் கிளட்ச். அதற்கான எண்ணெய் நீல நிறம். சிவப்பை ஊற்றினால் கிளட்ச் நடுங்கும். கிரைஸ்லர் வண்டிகள் தங்களுக்கென்று வேறு சிவப்பு எண்ணெய் கேட்டன. ராணுவத்தின் ஒற்றைப் பீப்பாய் தத்துவத்துக்கு நேரெதிரான நிலை: பெட்டிக்கு ஒரு பெயர், எண்ணெய்க்கு ஒரு பெயர், கூட்டில் ஒட்டிய சிறு தகட்டைப் படிக்காமல் டப்பாவைத் திறக்க முடியாது. இதில் கம்பெனியின் வியாபாரமும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிளட்ச் உள்ள கேஸுகளைப் பொறுத்தவரை தேவை உண்மையானது.

இதே காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களின் சில கேஸுகளில் ஒரு குறை பிரபலமாயிற்று. எடை குறைக்கக் கூட்டின் பின்பாதியை மெக்னீசியத்தில் வார்த்திருந்தார்கள். உள்ளேயுள்ள ஆயில் பம்ப் சுழலாமல் பிடிக்கும் காதுகள் அந்த மெல்லிய சுவரில் ஆடி ஆடித் தேய்த்து, பல ஆண்டுகளில் ஊசிமுனைத் துளை போடும். துளை கூட்டின் மேல்பகுதியில் இருப்பதால், நிறுத்திவைத்த வண்டி சொட்டாது. ஓடும்போது மட்டும் எண்ணெய் சிதறி வெளியேறும். தரையில் கறை இல்லை என்று நிம்மதியாக ஓட்டியவர்களின் கேஸ் வறண்டு எரிந்தது. குறித்த காலத்தில் எண்ணெயை வடித்து, ஊற்றியதைவிடக் குறைவாக வருகிறதே என்று கவனித்தவர்கள் மட்டுமே முன்கூட்டிப் பிடித்தார்கள்.

மாற்றும் இடைவெளியோ தொடர்ந்து நீண்டுகொண்டே போனது. போர்க்கால ஜீப்புக்கு 6,000 மைல். கடும் உழைப்புக்கு 30,000 மைல், சாதாரண ஓட்டத்துக்கு 60,000 மைல் என்பது 1980, 90களின் வழக்கம். பின்னர் 1,50,000 மைல் வரை சொன்ன கையேடுகளும், ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்றவையும் வந்தன. எண்ணெயும் சீல்களும் உண்மையாகவே மேம்பட்டன என்பது பாதிக் காரணம். முதல் சில ஆண்டுகளின் பராமரிப்புச் செலவைக் குறைத்துக் காட்டினால் வண்டி விற்கும் என்பது மீதிப் பாதி. ‘ஆயுள் முழுக்க’ என்பதில் எந்த ஆயுள் என்று கையேடு விளக்குவதில்லை. படகு இழுக்கும், ஆற்றில் இறங்கும், பண்ணையில் நாள் முழுக்க லோ கியரில் நகரும் பிக்கப்புக்கு அந்த வாக்கு பொருந்தாது. அதே கையேட்டின் பின்பக்கத்தில் ‘கடும் பயன்பாடு’ என்ற தலைப்பில் பாதிக்கும் குறைவான இடைவெளி அச்சாகியிருக்கும்.

மாற்றும் முறை மட்டும் ஜீப் காலத்திலிருந்து அதிகம் விலகவில்லை. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெய் இளகியபின், சமதளத்தில் நிறுத்துவார்கள். முதலில் திறக்கவேண்டியது மேலேயுள்ள ஃபில்லர் பிளக். துருப்பிடித்து அது திறக்காவிட்டால், கீழே வடித்துவிட்டபின் ஊற்ற வழியின்றி வண்டி அங்கேயே நின்றுவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் எவரும் இந்த வரிசையை மாற்றுவதில்லை. அதன்பின் டிரெய்ன் பிளக்கைக் கழற்றி, முழுதும் வடியவிட்டு, பிளக்கின் காந்தத்தில் ஒட்டியதைப் பார்ப்பார்கள். சாம்பல் நிறப் பசை போன்ற மெல்லிய தூள் இயல்பு. செதிலாகவோ துண்டாகவோ இருந்தால் பல்லோ செயினோ உடைந்திருக்கிறது. வண்டியின் அடியில் பாட்டிலைச் சாய்க்க இடம் இருக்காது என்பதால் கை பம்ப் அல்லது நீண்ட குழாயால் எண்ணெய் ஏற்றப்படும். ஃபில்லர் துளையின் விளிம்பில் எண்ணெய் ததும்பி வழியத் தொடங்கினால் அளவு சரி. அளவுக் கம்பி இல்லாத பெட்டிக்கு அந்தத் துளையே அளவுகோல்.

அமெரிக்காவுக்கு வெளியே எல்லோரும் செயினுக்கு மாறவில்லை. 1948இல் வந்த லேண்ட் ரோவரின் வாரிசுகளில், 1980களில் அறிமுகமான எல்டி230 கேஸ் கியர்களோடு பல ஆண்டுகள் டிஃபெண்டரில் தொடர்ந்தது. ரேஞ்ச் ரோவர் மட்டும் அந்தப் பத்தாண்டின் முடிவில் போர்க்-வார்னரின் செயின் கேஸுக்கு மாறி, அதோடு ஆட்டோமேட்டிக் எண்ணெய்க்கும் மாறியது. டொயோட்டா ஹைலக்ஸ் 1979இல் ஃபோர் வீலாக வந்தபோது கியர் கேஸோடுதான் வந்தது. இந்தியாவில் மஹிந்திரா 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கி, பின்னர் இங்கேயே தயாரித்தது. அமெரிக்கா கைவிட்ட பழைய கியர் கேஸ் இங்கே பல பத்தாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தது. 90ஆம் எண் ஆயிலும் அதோடு வாழ்ந்தது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளும் லோ கியரை அவசரத்துக்கு மட்டும் அல்லாமல் அன்றாடம் பயன்படுத்துபவை. கையேட்டின் மொழியில் அந்தப் பாதைகளில் ஓடுவது முழுக்கக் கடும் பயன்பாடு.

சிராக்யூஸ் தொழிற்சாலை 2004இல் மேக்னா நிறுவனத்தின் கைக்குப் போய், 2012இல் மூடப்பட்டது. டிரான்ஸ்பர் கேஸ் தயாரிப்பு வேறு ஆலைகளில் தொடர்கிறது. டீசலிலும் பெட்ரோலிலும் ஓடும் ஃபோர் வீல் பிக்கப்களில் பெரும்பாலானவை இன்றும் அலுமினியக் கூடும் செயினும் மெல்லிய எண்ணெயும் கொண்டவையே. 2021இல் வெளிவந்த ரிவியன், 2022இல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் போன்ற மின்சாரப் பிக்கப்களில் இந்தப் பெட்டி கிடையாது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனி மோட்டார்கள். விசையை எப்படிப் பிரிப்பது என்பதைக் கணினி நிரல் முடிவு செய்கிறது. மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் கியர்கள் அந்த அச்சுகளில் இருப்பதால், அவற்றுக்கு எண்ணெயும் அந்த எண்ணெய்க்கு ஒரு பிளக்கும் இன்னும் உண்டு.